ரத லோரிக்குப் புது வயர்

இல்லை கதிர், விற்கப்போவதில்லை. ஜெராமில் மீன் உணவகம் நடத்துகிறவர் வாசலில் அலங்காரமாக நிறுத்தி வைக்கக் கேட்கிறார், எரிந்துபோன லோரிக்கு அதற்குமேல் யார் கொடுப்பார்கள், தள்ளிவிடுங்கள் அம்மா என்று நீ சொல்லும்போதெல்லாம் நான் பேச்சை மாற்றினேன். சாப்பிட்டாயா, அங்கே மழையா, கல்யாணச் சட்டை தைக்கக் கொடுத்தாயா என்று கேட்டேன். இப்போது மாற்றவில்லை. லோரி நம் வீட்டு வாசலில்தான் நிற்கிறது. உள்ளே இருந்த பழைய வயர் எல்லாவற்றையும் உருவிப் போட்டேன். ஒன்றும் மிச்சமில்லை. விளக்கு, ஹாரன், ஸ்டார்ட்டருக்குப் போகும் தடித்த கேபிள், எல்லாம். வெறும் இரும்பாகக் கொஞ்ச நாள் நின்றது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். இப்போது அதில் புது வயர் ஓடுகிறது. நானே கட்டினேன்.

போனில் சொன்னால் பாதியிலேயே 'சரிம்மா, சரிம்மா' என்பாய். அதனால் எழுதுகிறேன். இன்னொரு காரணமும் இருக்கிறது. அன்று உன்னிடம் சொல்லப்பட்டது எல்லோர் முன்னாலும் சொல்லப்பட்டது. பதிலும் எல்லோர் முன்னாலும் இருக்கட்டும். இதை உனக்கு அனுப்பிவிட்டுத் தோட்டத்து வாட்ஸ்அப் குழுவிலும் போடப்போகிறேன். காலை வணக்கமும் பூப்படமும் தவிர அங்கே எதுவும் வருவதில்லை. ஒரு நாளைக்கு இதைப் படிக்கட்டும்.

குழுவில் வெளியூர் போய்விட்டவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காக, உனக்குத் தெரிந்ததையே முதலில் எழுத வேண்டியிருக்கிறது. போன வருடத் திருவிழா. அம்மன் நம் லோரி மேல். அப்பா இருந்தவரை அப்பா ஓட்டினார். அவருக்குப் பிறகு நீ. கோயிலைவிட்டு இறங்கி, செம்பனைக்கு நடுவே போகும் செம்மண் சாலையைத் தாண்டி, கால்வாய்ப் பாலத்தில் ஏறி இறங்கினால் பெரிய சாலை. பாலம் இறங்கியதும் கூட்டம் முன்னால் தேங்கிவிட்டது. நீ நிறுத்தினாய். பொழுது சாயும் நேரம். விளக்குகள் அப்போதுதான் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்திருந்தன. நீ கட்டிக்கொள்ளப்போகும் மெர்சி முதன்முறையாக நம் திருவிழாவுக்கு வந்திருந்தாள். பெண்களோடு நடந்து வந்தவள், நீ காலையிலிருந்து விரதம் என்று தெரிந்து, ஒரு தண்ணீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டு லோரியின் படியில் ஏறினாள். நீ கையை நீட்டினாய். அந்த நேரத்தில் மீட்டர் பலகைக்குப் பின்னால் இருந்து புகை வந்தது.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். மேலே இருந்த பிள்ளைகளை இறக்கினார்கள். நீ லோரியின் மூக்கை, முன்னால் நீட்டிய எஞ்சின் மூடியைத் திறந்து வெறுங்கையால் பேட்டரி கேபிளைப் பிடுங்கினாய். உள்ளங்கை வெந்துபோனது. அம்மனைத் தோளில் தூக்கிக்கொண்டு கோயிலுக்குத் திரும்பினார்கள். மேளம் நின்றுவிட்டது. அந்த அமைதியில்தான் கோயில் தலைவர் சின்னையா சொன்னார்.

"வேதக்காரப் பொண்ணு ரதத்துல கால வச்சா, ஆத்தா சும்மா இருப்பாளா?"

அவர் கத்தவில்லை. பக்கத்தில் நின்றவரிடம் சொல்வதுபோலத்தான் சொன்னார். ஆனால் மேளம் நின்றிருந்தது. மெர்சி போத்தலைப் படியிலேயே வைத்துவிட்டுப் பெரிய சாலைக்கு நடந்தாள். நீ கையில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு அவள் பின்னால் போனாய். அதற்குப் பிறகு இருவரும் தோட்டத்தில் கால் வைக்கவில்லை. நீ ஜொகூரில் வேலை தேடிக்கொண்டாய். கல்யாணத்துக்குச் செரண்டாவில் மண்டபம் பார்த்தாய். தோட்டத்துச் சனங்களுக்கு அழைப்பு இல்லை என்றாய். அதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். கோபம் வந்தவன் கொஞ்சம் தள்ளி நிற்பது நல்லது என்று இருந்தேன்.

ஆனால் ஒரு நாள் போனில், வேறு ஏதோ பேசிக்கொண்டிருக்கும்போது, நீ மெதுவாகக் கேட்டாய். "ஒருவேளை அவ ஏறாம இருந்திருந்தா, எரிஞ்சிருக்காதோ என்னமோ, இல்லம்மா?"

தலைவர் சொன்னது எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை. இது வலித்தது. அவர் சொன்னது ஒரு மாலைப்பொழுதோடு போயிருக்கும். நீ அதை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டிருக்கிறாய். உனக்கே தெரியாமல் அதைக் கல்யாணத்துக்கும் கொண்டுபோகப் போகிறாய். நாளைக்கு உங்கள் வீட்டில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், ஒரு வேலை போகும், ஒரு மோட்டார் சைக்கிள் சறுக்கும். அப்போதெல்லாம் அந்த 'ஒருவேளை' வெளியே வரும். நீ வாயைத் திறந்து சொல்லமாட்டாய். உன் முகத்தைப் பார்த்து அவள் தெரிந்துகொள்வாள். நீ அப்படிக் கேட்ட மறுநாள் காலை எழுந்து லோரியின் மூக்கைத் திறந்தேன்.

நான் செரண்டா தொழிற்சாலையில் என்ன வேலை செய்தேன் என்று நீ பள்ளியில் ஒருமுறை எழுத வேண்டியிருந்தது. 'அம்மா காருக்கு வயர் கட்டுகிறார்' என்று எழுதினாய். டீச்சர் அதற்குக் கீழே ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். சரியாகத்தான் எழுதியிருந்தாய். ஒரு பெரிய பலகை. அதில் ஆணிகள் அடித்திருக்கும். எந்த வயர் எந்த ஆணியைச் சுற்றி எங்கே பிரிய வேண்டும் என்று பலகையிலேயே கோடு வரைந்திருக்கும். ஒவ்வொன்றாகப் போட்டு, சேர்த்துக் கட்டி, நுனியில் முனை பொருத்தி எடுத்தால், ஒரு முழுக் காரின் வயரும் மரக்கிளைபோல ஒரே பொருளாகக் கையில் வரும். வருடக்கணக்காக அதைச் செய்தேன். விடியும் முன் கம்பெனி பஸ், பொழுது சாயும்போது திரும்ப பஸ். அப்பா கேலி செய்வார். "உங்கம்மா நாளெல்லாம் ஊரான் காருக்கு ஜடை பின்னிட்டு வரா. நம்ம லோரிய மட்டும் தொட விடமாட்டேன்லா." நான் கேட்பேன், ஏன் தொடக்கூடாது. "இது மூக்கு லோரி. உன் கம்பெனிக் காரு மாதிரி கிடையாது. இதுக்கு எல்லாமே தலைகீழ்" என்பார். அவர் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்திருந்தேன்.

விளையாட்டில்லை. இதை நீ கவனமாகப் படிக்க வேண்டும். எல்லா வண்டியிலும் பேட்டரியின் ஒரு முனை வண்டியின் இரும்பு உடம்போடு சேர்ந்திருக்கும். இப்போது வரும் வண்டிகளில் சேர்ந்திருப்பது நெகட்டிவ். நம் லோரி வெள்ளைக்காரன் காலத்து லோரி. அதில் பாசிட்டிவ் சேர்ந்திருந்தது. அதாவது நம் லோரியின் கதவு, கூரை, படி, மட்கார்டு எல்லாமே பாசிட்டிவ். பழைய குண்டு பல்புக்கு இதைப் பற்றிக் கவலை இல்லை, எப்படிக் கொடுத்தாலும் எரியும். புதுப் பொருள்களுக்கு உண்டு. அப்பாவுக்கு இது தெரியும். திருவிழாவுக்கு யார் விளக்குக் கட்ட வந்தாலும் பக்கத்தில் நின்று, மேலே போட்டிருந்த மரப்பலகையைக் காட்டிச் சத்தம் போடுவார். "பலகைல கட்டு! இரும்புல படாத! எடு, எடு, பலகைல!" நம்மாட்கள் அதை ஏதோ சாமி விஷயம் என்று எடுத்துக்கொண்டார்கள். இரும்பில் கட்டினால் தீட்டு என்று ஒருவர் இன்னொருவருக்கு விளக்கம் சொன்னதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். அப்பா அதைத் திருத்தவில்லை. சொன்னபடி செய்கிறார்கள், போதும் என்று விட்டிருப்பார். அவர் போன பிறகு பக்கத்தில் நின்று சத்தம் போட ஆள் இல்லை.

மூக்கைத் திறந்ததும் முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. பிறகு பயம் வந்தது. நம் கோயில் வழக்கம் உனக்குத் தெரியும். ஒலிபெருக்கிக்கு ஜெனரேட்டர் தனியாக இழுத்து வந்தாலும், உபய விளக்குகள் லோரி பேட்டரியில்தான் எரிய வேண்டும். ரதத்தின் உயிரில் எரிந்தால்தான் வேண்டுதல் சேரும் என்பார்கள். ஒரு குடும்பம் ஒரு விளக்குக் கொடுக்கும். வயரைக் கொண்டுவந்து பேட்டரியில் நேராக முறுக்குவார்கள். முறுக்கிய இடத்தில் பூசாரி மஞ்சளில் நனைத்த கயிறு கட்டுவார். கட்டிய கயிற்றை யாரும் அவிழ்க்கக்கூடாது. விளக்கு உடைந்துபோகும், கொடுத்த குடும்பம் ஷா ஆலமுக்கு வீடு மாறிப்போகும், வயர் மட்டும் அங்கேயே இருக்கும். மறுவருடம் இன்னொன்று. அதன்மேல் இன்னொன்று. மஞ்சள் ஈரம் பட்டு உள்ளே செம்பு பச்சை பிடித்திருந்தது. போதாததற்கு ஆயுத பூசை. ஃபியூஸ் பெட்டிக்கு ஒவ்வொரு வருடமும் சந்தனம், குங்குமம். நானும் பூசியிருக்கிறேன். பட்டை பட்டையாகக் காய்ந்து, பெட்டி எது சந்தனம் எது என்று தெரியவில்லை. கத்தியால் சுரண்டித் திறந்தேன். உள்ளே ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் சாக்லெட்டின் வெள்ளித் தாளைச் சுருட்டி வைத்திருந்தார்கள்.

கோலசிலாங்கூர் பாசார் பக்கத்தில் வண்டி வயரிங் கடை வைத்திருக்கும் ஆ செங்கைக் கூப்பிட்டேன். தோட்டத்துக்கு வெளியே கம்பத்துக் கிராமத்தில் நம் பிள்ளைகளோடு வளர்ந்த சீனர், நம்மைவிட நன்றாகத் தமிழில் திட்டுவார். மூக்குக்குள் தலையை விட்டார். வெகுநேரம் எடுக்கவே இல்லை.

"ஆன்ட்டி, இது லோரியா கோயிலா?"

"ரெண்டும்தான். டைனமோ ஓடுமா பாருங்க."

"டைனமோ ஓடும்லா. ஆனா இந்த வயரு... ஐயோ. இதுக்குத் தேங்காய் உடைக்கணுமா, கட்டர் போடணுமா? நான் தொட்டா உங்க சாமி என்னைய அடிக்கும்."

"நான் தொடுறேன். நீங்க டைனமோவ மட்டும் கொண்டுபோங்க."

"வித்துடு ஆன்ட்டி. உன் மகன் சொல்றது சரிதான்லா."

நீ சொல்வது அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். நீ அவருக்கும் போன் செய்திருக்கிறாய், என்னிடம் எடுத்துச் சொல்லச் சொல்லி. பரவாயில்லை. அவர் டைனமோவைக் கழற்றிக்கொண்டு போனார்.

எதையும் வெட்டுவதற்கு முன் எரிந்த வயர் எது என்று தேடினேன். எல்லாம் எரிந்தது என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். இல்லை. எரிந்தது ஒன்றே ஒன்று. மற்றவை அதன் சூட்டில் கருகியவை. தோல் முழுவதும் உருகிப்போன அந்த ஒரு வயரை விரலால் தொட்டுக்கொண்டே போனேன். பேட்டரியிலிருந்து கிளம்பி, மீட்டர் பலகைக்குப் பின்னால் நுழைந்து, கதவுத் தூணோடு ஏறி, ஓட்டுநர் கூரையின் ஓரத்தில் போய் முடிந்தது. அங்கே போன வருடம் புதிதாக ஒன்று கட்டியிருந்தார்கள். தலைவர் சின்னையாவின் உபயம். ஓம் எழுத்தோடு கலர் கலராக ஓடும் எல்இடி ஆர்ச். ஏணி போட்டுக் கூரையைப் பார்த்தேன். ஆர்ச் கட்டியிருந்த மரப்பலகையிலிருந்து கூரைவரை பெயிண்ட் சுரண்டிய கோடு ஒன்று இருந்தது. ஏதோ கனமான பொருள் வழுக்கி வந்த கோடு. அது முடியும் இடத்தில் கூரை இரும்பில் ஒரு சின்னக் குழி. சுற்றிலும் கறுப்பு. இரும்பு உருகி ஆறிய குழி.

பூசாரியிடம் சாவி வாங்கிக் கோயில் ஸ்டோரைத் திறந்தேன். ஆர்ச் சாக்குப் போட்டு மூடிக் கிடந்தது. அதன் ஒரு காலில், அடியில், அதே அளவு குழி. ஒரு டார்ச் பல்பையும் பேட்டரிக் கட்டையையும் கொண்டுபோயிருந்தேன். ஆர்ச்சின் கறுப்பு வயரில், அதாவது நெகட்டிவில், ஒரு முனை, அதன் இரும்புச் சட்டத்தில் ஒரு முனை. பல்பு எரிந்தது. சட்டம் முழுக்க நெகட்டிவ். புதுப் பொருள் அப்படித்தான் செய்வார்கள், அதில் தப்பில்லை. நம் லோரியின் உடம்போ பாசிட்டிவ். இரண்டுக்கும் நடுவில் இருந்தது ஒரு பலகையும் ஒரு கயிறும். பாலத்தில் ஏறி இறங்கிய குலுக்கலில் கயிறு தளர்ந்து, ஆர்ச் வழுக்கி, கால் கூரையில் பட்டிருக்கிறது. பட்டதும் பேட்டரியின் முழு மின்சாரமும் அந்த ஒரே வயரில் பாய்ந்து, அது சூட்டில் பழுக்க ஆரம்பித்திருக்கும். அணைக்க ஃபியூஸ் கிடையாது, நேராகப் பேட்டரியில் முறுக்கியது. பழுத்து, உருகி, புகையாக வெளியே வரக் கொஞ்ச நேரம் ஆகும். அந்தக் கொஞ்ச நேரத்தில் நீ லோரியை நிறுத்தினாய். அவள் தண்ணீர் கொண்டுவந்தாள்.

அவ்வளவுதான் கதிர். அவள் கெர்லிங்கில் தன் வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் அது எரிந்திருக்கும். பெரிய சாலைக்குப் போன பிறகு எரிந்திருந்தால், மேலே பிள்ளைகளோடு, பின்னால் கார்களோடு, என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார். ஸ்டோரில் அந்தச் சாக்குமேலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பூசாரி வாசலில் நின்று, "என்னம்மா, தலை சுத்துதா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

அதன் பிறகுதான் வெட்டினேன். செய்தி பரவிவிட்டது. முதலில் வந்தது லெட்சுமி அக்கா. பக்கத்து வரிசையில் குடியிருக்கும் அதே லெட்சுமி அக்காதான், கைக்குழந்தையில் உன்னைக் குளிப்பாட்டியவர். செருப்பைக்கூடப் போடவில்லை.

"அடியே, என்னடி செய்ற? மஞ்சக் கயித்த வெட்டுறியாமே! உனக்குப் பைத்தியமா?"

"வாங்கக்கா. உங்க வயரு எதுன்னு காட்டுங்க."

"அது எம்பொண்ணு ஆஸ்பத்திரில கெடந்தப்ப வேண்டிக்கிட்டது. மயில் வெளக்கு. அதுல கை வச்சா நான் மனுசியா இருக்கமாட்டேன், சொல்லிட்டேன்."

"பொண்ணு பொழச்சு வந்துட்டா இல்ல?"

"வந்துட்டா. அதுக்கு?"

"வேண்டுதல் சேந்துருச்சு. இப்ப பாருங்க, உங்க மயிலு வயரு இதான். பக்கத்துலயே எரிஞ்சது கெடக்கு பாருங்க. தோலு பாதி போயிருச்சு. இன்னொரு தடவ எரிஞ்சா மேல உக்காந்திருக்கறது உங்க பேத்தி."

அவர் குனிந்து பார்த்தார். கண்ணாடி போடவில்லை. விரலால் தடவிப் பார்த்தார். விரலில் கரி ஒட்டியது. பிறகு என் கையிலிருந்த கட்டரை வாங்கினார். "நீ வெட்டாத. நான் கட்டினது, நானே எடுக்குறேன்." கட்டரைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். நேராகத் திருப்பிக் கையில் கொடுத்தேன். வெட்டினார். மஞ்சள் கயிற்றைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டார். "புதுசு கட்டுறப்ப என் மயிலுக்கு நல்ல வயரா போடு, மலிவுல போட்றாத" என்று சொல்லிவிட்டுப் போனார். சாயந்திரத்துக்குள் ஒவ்வொருவராக வந்தார்கள். அவரவர் வயரை அவரவர் வெட்டினார்கள். சிலர் திட்டிக்கொண்டே வெட்டினார்கள். யாரும் வராத வயர்களைப் பூசாரி வந்து ஒரு கற்பூரம் காட்டிவிட்டு வெட்டினார்.

பிளைவுட் பலகை ஒன்று வாங்கி வாசல் சிமெண்டில் போட்டேன். லோரியை அளந்து கோடு வரைந்து ஆணி அடித்தேன். முட்டி வலித்தது. கை மட்டும் எதையும் மறக்கவில்லை. நீலம் பெரிய விளக்குக்கு, பச்சை சிக்னலுக்கு, பழுப்பு எப்போதும் உயிரோடு, அதாவது மின்சாரத்தோடு, இருப்பதற்கு, கறுப்பு உடம்புக்கு. எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டித் தூக்கியபோது உங்கள் அப்பா சொன்னதுபோல ஜடையாகத்தான் இருந்தது. இன்னொன்றும் முடிவு செய்தேன். லோரியைத் திருப்பினேன். இனி இதன் உடம்பும் நெகட்டிவ், எல்லா வண்டியையும்போல. அப்பா இருந்திருந்தால் ஒத்துக்கொண்டிருக்கமாட்டார். ஆனால் ஒரு லோரி பத்திரமாக ஓடுவதற்கு ஒரு மனிதர் பக்கத்தில் நின்று கத்திக்கொண்டே இருக்க வேண்டும் என்றால், அது நல்ல ஏற்பாடு இல்லை. ஆ செங் டைனமோவைக் கொண்டுவந்து மாட்டினார். அதற்கும் புதுத் திசையைப் பழக்க வேண்டும். பேட்டரியிலிருந்து ஒரு வயரை அதன் முனையில் ஒரு கணம் தொட்டு எடுத்தால் போதும். ஒரு பொறி. "முடிஞ்சிச்சு. மதம் மாறிச்சு" என்றார் ஆ செங். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. "சாரி ஆன்ட்டி, சாரி." நான் சிரித்தேன். ரொம்ப நாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தேன்.

உபய விளக்குகளுக்குத் தனியாக ஒரு பெட்டி வைத்தேன். ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு ஃபியூஸ். மயிலில் கோளாறு என்றால் மயில் மட்டும் அணையும். இதை வாழ்க்கைக்கு உவமையாக எடுத்துக்கொள்ளாதே. கல்யாணப் பையனுக்கு அம்மா ஃபியூஸ் கதை சொல்கிறாள் என்று மெர்சியிடம் சொல்லிச் சிரிப்பாய். ஃபியூஸ் என்றால் ஃபியூஸ்தான். நான் சொல்ல வருவது அதைவிடச் சின்ன விஷயம். ஏதாவது எரிந்தால், எரிந்ததைத் தொட்டுக்கொண்டே அது கிளம்பிய இடம்வரை போ. பக்கத்தில் யார் நின்றார்கள் என்று திரும்பிப் பார்க்காதே. பக்கத்தில் எப்போதும் யாராவது நிற்பார்கள். உன் வீட்டில் அது பெரும்பாலும் அவளாகத்தான் இருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் கூட்டம். ஆர்ச்சைத் தூக்கிவரச் சொல்லி நடுவில் நிறுத்தினேன். டார்ச் பல்பை எரியவிட்டுக் காட்டினேன். கூரைக் குழியைப் போனில் படமெடுத்து வைத்திருந்தேன், கை மாற்றிக் கை மாற்றிப் பார்த்தார்கள். தலைவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அப்ப என் ஆர்ச்சுதான் தப்பு. என் மேலதான் குத்தம். அதானே கதிரம்மா சொல்ல வர்ற?"

"உங்க மேல குத்தம் சொல்ல வரலைண்ணே. நீங்க ஆத்தாளுக்கு ஆசையா குடுத்தீங்க. லோரி எப்படின்னு யாரும் கேக்கல, யாரும் சொல்லல. அந்தப் பொண்ணு மேலயும் குத்தம் இல்ல. அத இங்க சொல்லணும்னுதான் வந்தேன்."

"சரி, சொல்லிட்ட. லோரி வரட்டும். ஓட்டுறதுக்கு வேற ஆள நாங்க பாத்துக்குறோம்."

"லோரி வந்தா கதிர்தான் ஓட்டுவான். மெர்சியும் வரும். அவங்க வரக்கூடாதுன்னா லோரியும் வராது. வாடகைக்கு வேற பாத்துக்குங்க."

   பின்வரிசையிலிருந்து லெட்சுமி அக்கா, "எம்மயிலு அந்த லோரில கட்டியாச்சு. வேற லோரில ஏறாது" என்றார். யாரோ, "மயிலு சொல்லுச்சாக்கா?" என்றார்கள். சிரிப்பு வந்தது. "என் வெளக்கும் அதுலதான்" என்றது இன்னொரு குரல். அதற்குப் பிறகு நிறையக் குரல்கள். தலைவர் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். எழுந்தார். வேட்டியைச் சரிசெய்தார்.

"எல்லாரும் சேந்து மடக்கிட்டீங்க. வரட்டும்லா. யாரு வந்தா எனக்கென்ன."

வாசல்வரை போய்த் திரும்பி நின்றார். "ஆர்ச்ச இந்த வருசம் போடலாமா?"

"போடலாம்ணே. உங்களுக்கும் ஃபியூஸ் வச்சிருக்கேன்."

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்பார் என்று நீ காத்திருக்காதே. அவருக்கு அவ்வளவுதான் முடிந்தது. அதை அவர் எல்லோர் முன்னாலும் செய்தார். மெர்சிக்கு அது போதுமா என்பதை மெர்சிதான் சொல்ல வேண்டும், நீ அவளுக்காகச் சொல்லாதே. அவள் வரமாட்டேன் என்றால் நான் கட்டாயப்படுத்தமாட்டேன். அப்போது லோரியும் வாசலிலேயே நிற்கும், சொன்னது சொன்னதுதான்.

உன்னிடம் கேட்பது வேறு. அந்த 'ஒருவேளை'யை நீ அவளிடம் சொல்லியிருக்கிறாயா என்று எனக்குத் தெரியாது. சொல்லியிருந்தால், அது தப்பு என்று இப்போது தெரிந்துவிட்டது என்று அவளிடம் நேராகச் சொல். சொல்லியிருக்காவிட்டால், உன்னிடமே சொல்லிக்கொள். வயரைப் பார்க்க வேண்டும் என்றால் வா, காட்டுகிறேன். எரிந்த அந்த ஒன்றைத் தூக்கிப்போடவில்லை. ஆனால் என் பேச்சே உனக்குப் போதும் என்று நினைக்கிறேன். திருவிழாவுக்கு விடுப்பு எடு. இப்போதே எழுதிக் கொடு, கடைசி நேரத்தில் கிடைக்கவில்லை என்று சொல்லாதே. ஸ்டியரிங் கொஞ்சம் இடதுபக்கம் இழுக்கிறது, அது வயர் வேலை இல்லை, நீ வந்து பார்த்துக்கொள்.

இதுவரை எழுதி வைத்துவிட்டு, உனக்கு அனுப்பும் முன், மறுநாள் காலை கெர்லிங்குக்கு மெர்சி வீட்டுக்குக் கிளம்பினேன். பஸ் மாறி, ரயில் மாறி, மறுபடியும் பஸ். தாம்பூலத் தட்டை மடியிலேயே வைத்துக்கொண்டேன். மெர்சியின் அம்மா கதவைத் திறந்தார். தட்டை நீட்டி, திருவிழாவுக்குக் குடும்பத்தோடு வரவேண்டும் என்று முறைப்படி அழைத்தேன். "எங்கள அங்க சேத்துக்குவாங்களா சம்பந்தி?" என்று கேட்டார். "நான் கூப்பிடுறேன்" என்றேன். அவர் உள்ளே திரும்பி மகளைப் பார்த்தார். மெர்சி எழுந்து வந்து, அவளே தட்டை வாங்கிக்கொண்டாள். தேநீர் குடித்தேன். பொழுது இருக்கும்போதே வீட்டுக்கு வந்து பேட்டரியைச் சார்ஜுக்குப் போட்டேன்.